360 மில்லி எத்தனை கப்? முதலில் அது யாருடைய கப்?

கோலாலம்பூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: தேங்காய்ப்பால் அகார் அகார் (கடல்பாசி ஜெல்லி) செய்முறை ஒன்று கிடைத்தது, அதில் அகார் அகார் தூள் ஒரு பாக்கெட், தண்ணீர் 720 மில்லி, தேங்காய்ப்பால் 360 மில்லி, டின் பால் (இனிப்பான கண்டென்ஸ்டு மில்க்) 80 மில்லி என்று போட்டிருக்கிறது, வீட்டில் மில்லி கோடு போட்ட ஜாடி கிடையாது, கப்தான் இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஒருவர் 1 கப் என்றால் 240 என்கிறார், இன்னொருவர் 250 என்கிறார், ரைஸ் குக்கரோடு வந்த கப்பில் 180 என்று இருக்கிறது, நான் எதால் வகுப்பது? வகுத்தல் இதில் ஒரு விஷயமே இல்லை, அதைக் கைப்பேசி செய்துவிடும். இந்தச் செய்முறையை எழுதியவர் கையில் இருந்தது எந்தக் கப், என் கையில் இருப்பது எந்தக் கப், இரண்டும் வேறாக இருந்தால் அகார் அகார் கெட்டுப்போகுமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குத்தான் இந்த நீளமான பதில்.

என்னைப் பற்றி ஒரு வரி. பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தேன், அதற்குப் பிறகு இருபது வருடமாக வீட்டிலிருந்தே விசேஷங்களுக்குப் பலகாரமும் இனிப்பும் செய்து கொடுக்கிறேன். முதல் வேலையில் அளவு தவறினால் ஆசிரியர் திட்டுவார், இரண்டாவது வேலையில் விசேஷ வீட்டுக்காரர் திட்டுவார். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

உங்கள் செய்முறைக்கு மட்டும் பதில் போதும் என்றால், 240 மில்லி கப்பில் தண்ணீர் 3 கப், தேங்காய்ப்பால் ஒன்றரைக் கப், டின் பால் மூன்றில் ஒரு கப். எப்படி இவ்வளவு சட்டென்று சொல்கிறேன் என்றால், அந்த எண்களே காட்டிக் கொடுக்கின்றன. 720 என்பது 240-இன் மூன்று மடங்கு, 360 ஒன்றரை மடங்கு, 80 மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் இப்படிப் பிசிறில்லாமல் அமைவது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. யாரோ முதலில் 240 மில்லி கப்பில் அளந்து சமைத்து, எழுதும்போது மில்லியாக மாற்றியிருக்கிறார், நீங்கள் இப்போது அதைத் திரும்பவும் கப்பாக மாற்றப் போகிறீர்கள். இந்த மாதிரி மோப்பம் பிடிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 60, 80, 120, 160, 180, 240, 480 என்று வந்தால் அமெரிக்கக் கப். 125, 250, 375, 500 என்று வந்தால் மெட்ரிக் கப். 118, 237, 355, 473 என்று விசித்திரமான எண்கள் வந்தால் அதுவும் அமெரிக்கக் கப்தான், ஆனால் மாற்றியது மனிதர் இல்லை, இயந்திரம், ஏனென்றால் எந்த வீட்டுப் பெண்ணும் அடுப்படியில் 473 மில்லி அளந்ததில்லை. இதெல்லாம் ஊகம்தான், சாட்சியம் இல்லை. 180 என்று தனியாக ஒரே எண் நின்றால் அது 240-இல் முக்கால் கப்பா, ஒரு ரைஸ் குக்கர் கப்பா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது, மற்ற சாமான்களின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

கப் ஏன் இத்தனை விதமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் ஒயின். இங்கிலாந்தில் ஆன் ராணி காலத்தில், 1707-இல், ஒயின் காலன் என்பதை 231 கன அங்குலம் என்று சட்டத்தில் நிறுத்தினார்கள். அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது, இன்றைக்கும் விடவில்லை. இங்கிலாந்தோ 1824-இல் பழைய காலன்களை எல்லாம் ஒழித்துவிட்டு, பத்துப் பவுண்டு தண்ணீர் பிடிக்கும் புதிய இம்பீரியல் காலனைக் கொண்டுவந்தது. ஆகவே அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். காலனில் எட்டில் ஒன்று பைன்ட், பைன்டில் பாதி ஒரு கப் என்று போனால் அமெரிக்கக் கப் 236.6 மில்லி, பழைய பிரிட்டிஷ் அரை பைன்ட் 284 மில்லி. அந்த 236.6-ஐத்தான் அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களின் சத்துப் பட்டியலுக்காக 240 என்று முழுதாக்கிவிட்டார்கள். மெட்ரிக்குக்கு மாறிய ஆஸ்திரேலியா போன்ற நாடுகள், லிட்டரில் கால் பங்கு என்று சுலபமாக இருக்கட்டும் என 250 ஆக்கிக்கொண்டன. நம் ஊர் பேக்கரி சாமான் கடைகளில் கிடைக்கும் கப் செட்டில் பெரும்பாலும் 250 போட்டிருப்பதும் இந்தக் கணக்குதான். ஜப்பானில் சமையல் கப் 200 மில்லி. ரைஸ் குக்கர் கப் மட்டும் அவர்களுடைய பழைய அரிசி அளவான 'கோ'விலிருந்து வந்தது, அது 180. குக்கர் பாத்திரத்தின் உள்பக்கக் கோடுகள் அந்தக் கப்புக்காகவே போட்டவை. சோறு ஆக்குவதற்கு அதை விட்டு வேறு கப் தேட வேண்டாம், சோறு தவிர வேறு எதற்கும் அதைத் தொடவும் வேண்டாம்.

நமக்கே இது ஒன்றும் புதிதில்லை. பாட்டி காலத்தில் இங்கே அரிசி வாங்கியது கந்தாங், சுப்பாக் என்ற மலாய் அளவுகளில்தான். பிரிட்டிஷ் ஆட்சியில் ஒரு கந்தாங்கை ஒரு இம்பீரியல் காலனுக்குச் சமமாக வைத்திருந்தார்கள், நான்கு சுப்பாக் ஒரு கந்தாங். சுப்பாக்கில் கால் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 284 மில்லி, அதே பிரிட்டிஷ் அரை பைன்ட்! ஊரிலிருந்து கொண்டுவந்த உழக்கு, ஆழாக்கு வேறு சில வீடுகளில் இருந்தது, அதுவும் ஊருக்கு ஊர் மாறும். இத்தனைக்கும் நடுவில் யாரும் சோற்றைக் கெடுக்கவில்லை, காரணம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பாத்திரம்தான் எல்லாவற்றையும் அளந்தது.

இந்த ஒரே பாத்திரம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு செய்முறையில் எல்லாமே கப்பில் இருந்தால், மாவு 2 கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் அரைக் கப் என்று, எந்தக் கப்பை எடுத்தாலும் விகிதம் மாறாது, கொஞ்சம் கூடவோ குறையவோ விளையும், அவ்வளவுதான். கப்பில் அடங்காத சாமான் ஒன்று உள்ளே வரும்போதுதான் சிக்கல். முட்டை எண்ணிக்கையில் வருகிறது, ஈஸ்ட்டும் அகார் அகார் தூளும் பாக்கெட்டில் வருகின்றன, வெண்ணெய் கட்டியாக வருகிறது. உங்கள் செய்முறையில் தூள் ஒரு பாக்கெட் என்று நிலையாக நிற்கிறது, திரவம் மட்டும் கப்போடு சேர்ந்து ஆடுகிறது. 240 கப்பில் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து 1080 மில்லி. 250 கப்பில் அளந்தால் 1125, அதாவது மூன்று மேசைக்கரண்டி கூடுதல், அகார் அகார் ஒரு நூல் மென்மையாக வரும், சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. 240-ஆ 250-ஆ என்று இணையத்தில் அடித்துக்கொள்கிறவர்களைப் பற்றி நான் கவலைப்படாததற்கு இதுதான் காரணம், வித்தியாசம் நூற்றுக்கு நான்குதான். அதே அளவை ரைஸ் குக்கர் கப்பில் போட்டால் 810 மில்லிதான் வரும். கால் பங்கு தண்ணீர் காணாமல் போய்விட்டது, இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நாலு தட்டு அகார் அகார் கேட்டிருந்தார்கள். காலையில் இடியாப்ப மாவு பிசைந்துகொண்டே, உதவிக்கு வந்த பெண்ணிடம் எட்டுக் கப் தண்ணீர் ஊற்றும்மா என்று சொன்னேன், எந்தக் கப் என்று சொல்லவில்லை. அவள் கைக்கு முதலில் அகப்பட்டது அரிசிப் பானைக்குள் கிடந்த கப். 2000 மில்லி போக வேண்டிய இடத்தில் 1440 போயிற்று. சாயங்காலம் தட்டைக் கவிழ்த்தால் அகார் அகார் ஜப்பான் சிலிப்பர், அதாவது ரப்பர் செருப்பு மாதிரி விழுந்தது, கத்தி போட்டால் எகிறுகிறது. தப்பு அவளுடையது இல்லை, கப் என்று சொன்னால் போதும் என்று நினைத்த என்னுடையது. அன்றைக்கே குக்கர் கப்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன், இன்னும் அந்த நூல் இருக்கிறது.

சரி, வீட்டில் இருக்கும் டம்ளரையே அளவு டம்ளராக்குவது எப்படி? ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், நம் பெரியவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கி வைத்திருப்பார்கள், பார்க்க எல்லாம் ஒரே அளவு போலத்தான் இருக்கும், வாங்கி வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒன்று 190 பிடிக்கும் இன்னொன்று 260 பிடிக்கும். கண்ணை நம்பாதீர்கள். டிஜிட்டல் தராசு இருந்தால் காலி டம்ளரை அதன் மேல் வைத்து எண்ணைச் சுழியமாக்கி, 240 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீருக்கு ஒரு மில்லி ஒரு கிராம். சரியாகச் சொன்னால் நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 996 கிராம்தான் நிற்கும், ஆனால் ஒரு டம்ளருக்கு அந்த வித்தியாசம் ஒரு கிராம், மறந்துவிடலாம். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் உள்பக்கம் ஆணியால் ஒரு கீறல் போட்டுவிட்டால் அந்த டம்ளர் ஆயுசுக்கும் உங்கள் 240 கப். தராசு இல்லையா, கடையில் 500 மில்லி தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி, மூடி திறக்காததாகப் பார்த்து, ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள், ஒவ்வொன்றிலும் 250. காலி பாட்டிலை நீங்களே விளிம்புவரை நிரப்பிவிட்டு 500 என்று நினைக்காதீர்கள், கழுத்துக்கு மேலேயும் இடம் இருக்கிறது, கூடுதலாகத்தான் பிடிக்கும். பிள்ளையின் பால் புட்டி இருந்தால் அதில் கோடுகள் உண்டு, அவசரத்துக்கு உதவும், ஆனால் அந்தக் கோட்டையும் ஒரு தடவை எடை போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கண்ணாடி ஜாடி வாங்கினால் ஒரு பழக்கம் வேண்டும். அதை மேடை மேல் வைத்துவிட்டு நீங்கள் குனிந்து, கோடு கண்ணுக்கு நேராக வரும்போது பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்தால் சாய்ந்துவிடும், மேலிருந்து பார்த்தால் உண்மையில் இருப்பதைவிடக் கூடவோ குறையவோ தெரியும். தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் சற்றுக் குழிந்து நிற்கும், அந்தக் குழியின் அடிமட்டம்தான் கணக்கு, ஓரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு முதுகு வளைந்துவிட்டது. தேங்காய்ப்பாலில் அந்தக் குழி தெரியாது, வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால்தான் இந்த மாதிரிச் சாமானை அளப்பதைவிட நிறுப்பது மேல் என்கிறேன்.

நிறுப்பது என்றதும் இன்னொரு குழி இருக்கிறது, அதில் விழாமல் இருக்க வேண்டும். ஒரு மில்லி ஒரு கிராம் என்பது தண்ணீருக்கு மட்டும். பால் கிட்டத்தட்ட அப்படியே, 240 மில்லி பால் 247 கிராம் வரும். சமையல் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிற சரக்கு, 240 மில்லி 220 கிராம்தான் நிற்கும். தேன் 340 கிராம்வரை போய்விடும். டின் பால் ஒரு மில்லிக்குச் சுமார் 1.3 கிராம், ஆகவே உங்கள் 80 மில்லிக்கு ஏறக்குறைய 104 கிராம். கப்பில் ஊற்றினால் பாதி கப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பேசாமல் பாத்திரத்தைத் தராசில் வைத்து நேராகவே ஊற்றிவிடுங்கள். இங்கே நிறையப் பேர் செய்கிற தப்பு, டின்னில் 500 கிராம் என்று பார்த்ததும் 500 மில்லி என்று எடுத்துக்கொள்வது. 500-ஐ 1.3-ஆல் வகுத்தால் 385 மில்லிதான். அந்தக் காலி டின்னைக் கழுவி அரிசி அளக்க வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு, அந்த டின்னைக் கப் என்று யாரும் எழுதாதவரை ஆபத்தில்லை. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் அவுன்ஸும் இதே கதைதான். எடை அவுன்ஸ் ஒன்று, திரவ அவுன்ஸ் ஒன்று. கப்பின் பக்கவாட்டில் 8 அவுன்ஸ் என்று இருக்கிறதே என்று அதில் கோதுமை மாவை நிரப்பினால் 8 அவுன்ஸ் மாவு வராது, அதில் பாதிக்குச் சற்று மேலேதான் வரும்.

கரண்டிக் கணக்கு சுலபம். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15. 240 கப் என்றால் சரியாக 16 மேசைக்கரண்டி, 250 கப் என்றால் அதற்கு மேல் இரண்டு தேக்கரண்டி. ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் மட்டும் அவர்கள் மேசைக்கரண்டி 20 மில்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற கரண்டியால் அளக்காதீர்கள். கிளினிக்கில் பிள்ளைக்குச் சிரப் கொடுக்கத் தருகிற ஊசியில்லாத சிரிஞ்ச் நன்றாக அளக்கும், சின்ன அளவுக்கு வீட்டுத் தராசைவிட அதுதான் சரி, ஏனென்றால் அந்தத் தராசுகள் நாலைந்து கிராமுக்குள் தடுமாறும்.

எங்கே என் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, தேங்காய்ப்பால். பெட்டியில் வருவது 200 மில்லி என்றால் ஒவ்வொரு தடவையும் அதே கெட்டி. சந்தையில் மெஷினில் பிழிந்து வாங்கினால் தண்ணீர் விட்டார்களா, தேங்காய் முற்றலா என்பதைப் பொறுத்து மாறும். கெட்டியான 360 மில்லியும் நீர்த்த 360 மில்லியும் ஒரே சாமான் இல்லை, அங்கே மில்லியைத் துல்லியமாகப் பிடித்துப் பிரயோஜனம் இல்லை, பாலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, தமிழ்நாட்டுக் காணொளிகளில் ஒரு டம்ளர் என்று சொல்வது. சிலர் 1 கப் 250 மில்லி என்று தெளிவாகச் சொல்கிறார்கள், சிலர் கையில் இருப்பதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த டம்ளரின் அளவை உலகத்தில் எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது, எல்லாச் சாமானையும் அதே டம்ளரில்தான் அளக்கிறாரா என்று மட்டும் பாருங்கள், ஆமாம் என்றால் உங்கள் டம்ளரும் ஓடும். குழம்புக்கும் ரசத்துக்கும் இந்தப் பதில் தேவையே இல்லை, அதை இங்கே கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

அளவு தப்பினாலும் அகார் அகாரைக் காப்பாற்றிவிடலாம் என்பது கடைசியாக ஒரு நல்ல செய்தி. அது 40 டிகிரிக்குக் கீழே வரும்போது உறையும், ஆகவே ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே மேசை மேல் கட்டியாகிவிடும், திரும்ப உருக 85 டிகிரி வேண்டும், உருக்கி மறுபடி ஊற்றினால் மறுபடி உறையும். ஜெலட்டினுக்கு நம் ஊர் வெயில் ஆகாது, அது வெளியே வைத்தாலே இளகிவிடும். ஆகவே தட்டில் ஊற்றும் முன் ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த தட்டில் விட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். விரல் வைத்தால் ரப்பராகத் துள்ளினால் கொஞ்சம் வெந்நீர் சேர்த்து இன்னொரு கொதி, தளதளவென்று ஓடினால் இன்னும் கொஞ்ச நேரம் வற்ற விடுங்கள் அல்லது கால் பாக்கெட் தூளைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிச் சேருங்கள். உறைந்த பிறகுதான் தெரிந்தது என்றாலும் துண்டு போட்டு, விடுபட்ட தண்ணீரோடு சேர்த்துச் சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே உருக்கலாம், தேங்காய்ப்பால் திரியாமல் இருக்கத் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். அந்த நிச்சயதார்த்தத்தன்று நான் அதைச் செய்திருக்கலாம், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் வாசலில் இறங்கிவிட்டார்கள்.